ஸ்பேர் சக்கரத்துக்கு ஐந்து போல்ட்

வேல்ராஜுக்குப் பொய் சொல்லவே வராது என்று அவன் மனைவி மதிவதனி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள். வராதுதான். கல்யாணமான இந்த நான்கு வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன பொய் ஒன்றே ஒன்று, அதுவும் ஒற்றை வார்த்தை. அந்த ஒற்றை வார்த்தைதான் ஒரு சனிக்கிழமை முழுக்க அவனை நிற்கவிடாமல் உட்காரவிடாமல் அலைக்கழித்தது.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சக்கரம் பூட்டுகிற இடத்தில் அவனுக்கு வேலை. வண்டி லைனில் நகர்ந்து வரும். சக்கரத்தை ஏற்றி, மேலேயிருந்து தொங்குகிற மிஷினைப் பிடித்து வைத்தால் அது எல்லா நட்டையும் ஒரே மூச்சில் முறுக்கும். சரியாக இறுகியிருந்தால் பச்சை விளக்கு எரியும். உடனே மஞ்சள் மார்க்கரால் நட்டின்மேல் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் வேலை முடிந்தது, அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவன் கோடு போட்ட ஒரு சக்கரம்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை. இந்தப் பெருமை வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். கேஸ் சிலிண்டர் மாற்றினால் ரெகுலேட்டர்மேல் மஞ்சள் கோடு போட்டு வைக்கிற ஆள் அவன்.

அப்படிப்பட்டவன் போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினான். வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. அதன் சக்கரத்துக்கு நட்டு கிடையாது, போல்ட்தான். வண்டி படப்பை வாடகை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே அவனுக்கு ஒரு குறை. சக்கரம் நாலும் உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறதாம், பார்க்க எடுப்பாக இல்லையாம். ஸ்பேசர் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சக்கரத்துக்கும் அதைத் தாங்குகிற அச்சுக்கும் நடுவில் வைக்கிற தடித்த வளையம்தான் ஸ்பேசர். வைத்தால் சக்கரம் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். ஓடுகிற வண்டிக்கு எதற்கு ஒய்யாரம் என்று மதிவதனி கேட்டுப் பார்த்தாள். கேட்கிற நிலையில் அவன் இல்லை.

ஆசைப்பட்டது அசட்டுத்தனம் என்றாலும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். ஸ்பேசர் பதினைந்து மில்லி. பழைய போல்ட்டில் மரை இருக்கிற நீளம் இருபத்தேழு. ஆக நாற்பத்திரண்டு மில்லி போல்ட் வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கடைக்காரன் நாற்பதை எடுத்து நீட்டி, எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றான். வேல்ராஜ் அவனோடு சண்டை போட்டுவிட்டு வேறு கடை ஏறி நாற்பத்திரண்டே வாங்கி வந்தான்.

மாட்டுகிற அன்றைக்கு மதிவதனியையும் இழுத்து உட்கார வைத்துக்கொண்டான். போல்ட் குட்டையாக இருந்தால் நாலு மரை மட்டும் பிடிக்கும், ஓடுகிற ஓட்டத்தில் கழன்றுவிடும். நீளமாக இருந்தால் பின்னால் துருத்திக்கொண்டு போய் பிரேக்கில் இடிக்கும், சக்கரம் இறுகின மாதிரி இருக்கும், உண்மையில் இறுகியிருக்காது. அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கையாலேயே திருகிப் பார்க்க வேண்டும், ஏழு சுற்றாவது உள்ளே போக வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு சத்தமும் வரக் கூடாது. சொன்னதோடு விடாமல் அவளையே திருகவும் சுழற்றவும் வைத்தான். சோறு ஆறிப்போகிறதே என்ற கவலையில் அவள் எல்லாவற்றையும் செய்தாள்.

கடைசியாகத்தான் ஸ்பேர் சக்கரத்தின் பேச்சு வந்தது. ஸ்பேருக்கு ஸ்பேசர் கிடையாது. வழியில் டயர் போய் ஸ்பேரை மாட்ட வேண்டி வந்தால் பழைய குட்டை போல்ட்டைத்தான் போட வேண்டும். புது போல்ட்டைப் போட்டால் பதினைந்து மில்லி அப்படியே பின்னால் துருத்தும். "இது மட்டும் மறக்கக் கூடாது, மதி," என்றான். பழைய போல்ட்டில் நல்லதாக ஐந்தைப் பொறுக்கி ஒரு துணிப்பையில் போட்டு, டிக்கியில் ஸ்பேருக்கு அடியில் வைத்தான். மிச்சத்தையெல்லாம் அன்றைக்கே காயலான் கடைக்கு அனுப்பினான். தேவையில்லாததை வைத்துக்கொள்ளாதே என்று கம்பெனிச் சுவரெல்லாம் எழுதிப் போட்டிருப்பதைப் படித்துப் படித்து அவனுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டிருந்தது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த ஐந்து போல்ட்டிலும் லேசாகத் துரு இருந்தது. வேல்ராஜுக்குத் துருவைக் கண்டால் தூக்கம் வராது. கம்பெனியில் மெயின்டனன்ஸ் பக்கம் துரு எடுக்கிற திரவம் ஒரு தொட்டி நிறைய இருக்கும். அவனவன் வீட்டுப் பூட்டு, கத்தி, சைக்கிள் செயின் என்று கொண்டுவந்து அதில் முக்கி எடுத்துப் போவது அங்கே சகஜம். உள்ளே போகும்போது பையை யாரும் பார்ப்பதில்லை. இவனும் போல்ட்டைச் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோய் முக்கி எடுத்து, பழைய கையுறை ஒன்றில் சுற்றி லாக்கரில் வைத்தான். அன்று சாயங்காலம் பார்த்தால் கேட்டில் புதுக் கெடுபிடி. உள்ளேயிருந்து சாமான் திருட்டுப் போகிறதாம். வெளியே போகிற ஒவ்வொருவர் மேலும் மெட்டல் டிடெக்டரை ஓட்டினார்கள், பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஸ்க்ரூ ஒன்று இருந்தாலும் வேலை போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள்.

தன் சொந்த போல்ட்டையே திருட்டுப் பொருளாக்கிக்கொண்டு நின்றான் வேல்ராஜ். சூப்பர்வைசர் மணிகண்டபிரபுவிடம் சொன்னால் வெளியே எடுத்துப்போக பாஸ் போட்டுக் கொடுப்பார். ஆனால் போல்ட் எதற்கு உள்ளே வந்தது என்று கேட்பார். கம்பெனி திரவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். நாளைக்குச் சொல்லலாம், நாளை மறுநாள் சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓடியது. நடுவில் ஒருநாள் மதிவதனி, "அந்தத் துரு போல்ட்டைக் கிளீன் பண்ணி வண்டில வெச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"வச்சாச்சு," என்றான். அதுதான் அந்த ஒற்றை வார்த்தை.

சனிக்கிழமை டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தான். லைனுக்குள் போன் கூடாது, இடைவேளையில்தான் பார்க்க முடியும். மதிவதனி அனுப்பியிருந்தாள். அவள் அம்மா சந்திரம்மாளுக்கு அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் கண் ஆபரேஷன். பஸ்ஸில் போவதாகத்தான் பேச்சு. அம்மாவுக்குக் காலையிலிருந்து மயக்கமாக இருக்கிறதாம், அதனால் காரை எடுத்துக்கொண்டு அம்மா வீடு இருக்கிற வடக்குப்பட்டுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறாளாம். போனுக்குப் பக்கத்திலேயே கையுறைச் சுருட்டு இருந்தது.

வேல்ராஜ், "கார் வேண்டாம்" என்று அடித்தான். ஏன் என்று கேட்பாளே என்று அழித்தான். "ஸ்பேர் போல்ட் என்னிடம்" என்று அடித்தான். அதையும் அழித்தான். மணி அடித்துவிட்டது. "சரி. பார்த்துப் போ" என்று அனுப்பிவிட்டு லைனுக்கு ஓடினான்.

முதல் வண்டி வந்தது. சக்கரத்தை ஏற்றினான், மிஷினை வைத்தான், பச்சை எரிந்தது, கோடு போட்டான். டயர் என்ன தினமுமா பஞ்சராகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மதி நன்றாக ஓட்டுவாள், அவனைவிடவே நன்றாக ஓட்டுவாள். அடுத்த வண்டிக்குள் வாலாஜாபாத் ரோடு ஞாபகத்துக்கு வந்தது. லாரியிலிருந்து தகடும் கம்பித் துண்டும் விழுந்து கிடக்கிற ரோடு. அதற்கடுத்த வண்டிக்கு அவனே சமாதானம் கண்டுபிடித்தான்: பஞ்சரே ஆனாலும் டிக்கியில் பையைத் தேடுவாள், கிடைக்கவில்லையென்றால் போன் பண்ணுவாள். போன் லாக்கரில் கிடக்கிறது என்பது அதற்கடுத்த வண்டியில்தான் உறைத்தது. எந்தப் பஞ்சர் கடைக்காரனாவது, போல்ட் போல்ட்தானே என்று நீள போல்ட்டையே போட்டு முறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டால்? பச்சை எரிந்தது. கோடு போட்டான்.

லைனுக்கு எதிர்ப்பக்கத்தில் இடது சக்கரங்களைப் பூட்டுகிறவன் பகலவன், உள்ளூர்க்காரன். வேல்ராஜ் இரண்டு முறை தண்ணீர் குடிக்க ஓடியதை அவன் பார்த்தான், வயிறு சரியில்லையா என்று கேட்டான். ஒரு வண்டி கோடு இல்லாமலே நகர்ந்தபோது பகலவனே தாவி வந்து கோடு போட்டுவிட்டுப் போனான். வேல்ராஜின் கோடு தவறிப் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. தலைக்கு மேலே, லைனை நிறுத்துகிற கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நட்டு சரியில்லை என்றால் இழுக்கலாம், மொத்த லைனும் நிற்கும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டியிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று அந்தக் கயிற்றை இழுக்க முடியுமா? வேல்ராஜ் அதை அண்ணாந்து பார்ப்பதும் அடுத்த சக்கரத்தைத் தூக்குவதுமாக இருந்தான். ஊர் பேர் தெரியாதவர்கள் ஓட்டப்போகிற வண்டிக்கெல்லாம் சக்கரத்தை வரிசையாகப் பத்திரமாகப் பூட்டி அனுப்பினான்.

சாப்பாட்டு மணி அடித்ததும் லாக்கருக்கு ஓடினான். போனில் அவளுடைய அழைப்புகள் தவறிக் கிடந்தன. ஒரு குரல் பதிவும் இருந்தது.

"வேலு, பின்னாடி டயர் போயிடுச்சு. ஒரகடம் தாண்டி நின்னுகினு கீறோம். பஞ்சர் கடைக்காரர் வந்துகீறாரு. ஸ்பேரைத் தூக்கிப் பார்த்துட்டேன், நீ சொன்ன பை இல்ல. எங்க வெச்ச? சீக்கிரம் சொல்லு, அம்மாவுக்கு நேரமாவுது."

அவன் கூப்பிட்டான். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அவள் கிளம்பியிருப்பாளோ, எந்தச் சக்கரத்தில் எந்த போல்ட்டோடு கிளம்பியிருப்பாளோ என்று தெரியாமல், லாக்கர் முன்னால் நின்றான். பிறகு கையுறையைப் பிரித்து ஐந்து போல்ட்டையும் டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினான். வீட்டில் அவசரம் என்று மட்டும் மணிகண்டபிரபுவிடம் சொல்லிப் பர்மிஷன் வாங்கினான், பகலவனிடம் பைக் சாவியை வாங்கினான், கேட்டுக்கு வந்தான்.

கேட்டில் செக்யூரிட்டி தசரதன் நின்றிருந்தார். ராணுவத்தில் இருந்து வந்த மனிதர், புன்னகைத்தால்கூட நேராக நின்றுதான் புன்னகைப்பார். பையின்மேல் கருவி அலறியது. டிபன் பாக்ஸ் சார் என்றான் வேல்ராஜ். திறக்கச் சொன்னார். திறந்தான். போல்ட் ஐந்தும் வெள்ளிக் காசு மாதிரி பளபளத்தன.

"இன்னா தம்பி இது?" என்றார். கோபமில்லை அந்தக் குரலில், வருத்தம்தான் இருந்தது. அவனைத் தினமும் பார்க்கிறவர்.

"என் காரோட போல்ட் சார்."

"உன் காரோட போல்ட் உள்ள எதுக்கு வந்துச்சு?"

ஒரு வாரமாக வேல்ராஜ் எந்தக் கேள்விக்குப் பயந்தானோ அதே கேள்வி. நாலு பேர் வேடிக்கை பார்க்க, அவனுக்கு எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை, வரவழைக்க நேரமும் இல்லை. துரு எடுக்கக் கொண்டுவந்ததை, கம்பெனி திரவத்தில் முக்கியதை, கேட்டுக்குப் பயந்து லாக்கரில் பூட்டி வைத்ததை, மனைவியும் மாமியாரும் ரோட்டில் நிற்பதை எல்லாம் கொட்டிவிட்டான். தசரதன் மணிகண்டபிரபுவைக் கூப்பிட்டார். அவர் சாப்பாட்டுக் கையோடு வந்து ஒரு போல்ட்டை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"நம்ம வண்டிக்கு நட்டுதான். இது நம்ம பொருளே இல்லை, விடுங்க," என்று தசரதனிடம் சொன்னார். பிறகு வேல்ராஜைப் பார்த்தார். "ஒரு பாஸ் கேட்டிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேனே. போயிட்டு ஷிஃப்ட் முடியறதுக்குள்ள திரும்பி வா. பேசணும்."

இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. இதற்காகவா ஒரு வாரம்? பைக்கை எடுத்தபோது அவமானத்தைவிட அந்த நினைப்புதான் அதிகமாகச் சுட்டது. வழியெல்லாம் இடது ஓரத்தில் கண்ணை வைத்தே ஓட்டினான். கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், ஓரமாக நின்ற ஒவ்வொரு காரும் அவளுடையதாகத் தெரிந்து கிட்டே போனதும் இல்லாமல் போனது. கூட்டமாக எங்காவது ஆட்கள் நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தான். அப்புறம் ஒரு புளியமரத்தடியில் தன் கார் ஜாக்கியின் மேல் நிற்பதைக் கண்டான். பக்கத்தில் ஒரு கல்லின்மேல் மதிவதனி உட்கார்ந்திருந்தாள். கை முழுக்கக் கிரீஸ்.

பைக்கை நிறுத்தின அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க டயரைப் பார்த்தான். பக்கவாட்டில் தகடு கிழித்திருந்தது, ஒட்டுப் போட முடியாது.

பக்கத்தில் நின்ற பஞ்சர் கடைக்காரருக்குத்தான் பேச ஆள் வேண்டியிருந்தது. ஸ்பேரை மாட்டி எல்லா போல்ட்டையும் போட்டு முறுக்கிவிட்டதாகவும், நன்றாக இறுகியதாகவும், கிளம்புங்கள் என்று சொன்ன பிறகு இந்தம்மா முன் சக்கரத்துக்குக் கல் வைத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்ததாகவும் புகார் சொன்னார். லேசாக உரசியது, ஓடினால் சரியாகிவிடும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கழற்ற வைத்துவிட்டு, குட்டை போல்ட் வரும்வரை வண்டி நகராது என்று உட்கார்ந்துவிட்டாளாம். அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் போன் செத்துப்போயிருந்தது.

மதிவதனி எழுந்து வந்து ஒரு நீள போல்ட்டை அவன் கையில் வைத்தாள். அதன் நுனி ஒரு பக்கம் தேய்ந்து வெளுத்திருந்தது. உள்ளே பிரேக்கில் இடித்த தடம். கையால் மெதுவாகச் சுழற்றியதற்கே இந்தத் தடம். வேல்ராஜ் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினான்.

"டீ டைம்ல ரிப்ளை போட்டியே, அப்போ இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"லாக்கர்ல."

"அது அப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றான். "சொன்னா நீ திட்டுவியேன்னு..."

"திட்டியிருப்பேன். திட்டிட்டு பஸ்ல போயிருப்பேன்."

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவள் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு போல்ட்டையும் கையால் திருகினாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள், ஏழுக்கு மேலும் போனது. ஐந்தையும் திருகிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. அவன் ஸ்பேனரை எடுக்கப் போனான். அவள் கொடுக்கவில்லை. ஜாக்கியை இறக்கச் சொல்லி, தானே கால் வைத்து மிதித்து இறுக்கினாள். பழக்கதோஷம், வேல்ராஜின் கை சட்டைப் பையிலிருந்து மஞ்சள் மார்க்கரை எடுத்துவிட்டது. அவள் அந்தக் கையைப் பிடித்து ஒதுக்கினாள்.

காருக்குள் சந்திரம்மாள் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு சாய்ந்திருந்தாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது. "பாவம்டி, வேலைய வுட்டுட்டு ஓடியாந்துகீறாரு. மாப்ள, சாப்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் அத்தை என்றான் வேல்ராஜ். அந்தக் குடும்பத்திடம் அவன் சொன்ன இரண்டாவது பொய் அது, முதலாவதைவிடக் கஷ்டப்பட்டுத்தான் வந்தது.

தானும் கூட வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள் மதிவதனி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் யார் போனிலாவது ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான். அவள் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாள்.

"சொல்ல மாட்டேன். சாயங்காலம் வூட்டுக்கு வந்து பாரு, நாங்க வந்துட்டோமா இல்லையான்னு. அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாம இருந்து பாரு."

கார் மெதுவாக ரோட்டில் ஏறிப் போனது. கிழிந்த டயரும் ஸ்பேசரும் நீள போல்ட்டும் அவன் காலடியில் கிடந்தன. அவற்றைப் பஞ்சர் கடையில் போட்டுவிட்டு, பைக்கைத் திருப்பிக் கம்பெனிக்கு வந்தான். மணிகண்டபிரபு ஏதேதோ பேசினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தப்பித்தோம் என்ற நினைப்பு ஏன் வரவில்லை என்று அவனுக்கே விளங்கவில்லை. போன் லாக்கரில் இருந்தது, இனி அதில் எதுவும் வரப்போவதில்லை.

லைனில் போய் நின்றான். வண்டி வந்தது. சக்கரத்தை ஏற்றி மிஷினை வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. மார்க்கர் கையில்தான் இருந்தது, கோடு போட மனசு வரவில்லை. அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மார்க் பண்ணுப்பா, வண்டி போவுது," என்றான் பகலவன் எதிர்ப்பக்கத்திலிருந்து.